வயதான குதிரை இளைக்கிறதா? தீவனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதிய குதிரை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, "என்ன போட்டால் சதை பிடிக்கும்?" என்றுதான் தொடங்குகிறது. "போட்டதில் எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். தொட்டி காலியாக இருந்தால் குதிரை தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். தொட்டியைச் சுற்றித் தரையில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. கீழே உள்ள பதில்களில் பல அந்தத் தரையிலிருந்து தொடங்குபவை. வேறாகச் சொல்லாத இடங்களில், அளவுகள் ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு உரியவை. உங்கள் குதிரை சிறியதென்றால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதிலிருந்து குதிரையை முதியது என்று சொல்லலாம்?

20 வயதைத் தாண்டினால் முதியது என்பது பொதுவான வழக்கு. நோய்களுக்கான பரிசோதனையை 15 வயதிலேயே தொடங்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் 18 வயதில் பல் தேய்ந்து கிழடாகும் குதிரையும் உண்டு, 28 வயதில் வேலியோரம் துள்ளி ஓடும் மட்டக்குதிரையும் உண்டு. இங்கிலாந்தில் படகு இழுத்த ஓல்டு பில்லி என்ற குதிரை 1760 முதல் 1822 வரை 62 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். அது விதிவிலக்கு. வயதைக் கணக்கிடுவதைவிடப் பல்லையும் உடம்பையும் பாருங்கள்.

வயதானால் இளைப்பது இயல்புதானே?

இல்லை. இந்த நினைப்பால் பட்டினியாகக் கிடக்கும் குதிரைகள் ஏராளம்.

முதுமையில் முதுகின் மேல் தசை கொஞ்சம் வற்றும், முதுகு லேசாகத் தொய்யும், வயிறு கொஞ்சம் கீழிறங்கும். இவை வயதின் அடையாளங்கள். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிவதும் இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு நிற்பதும் அப்படியல்ல. அவற்றுக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. நான் தேடும் வரிசை இது: முதலில் வாய், அடுத்துக் குடற்புழு, பிறகு ஹார்மோன் கோளாறு, வலி, கூட்டத்தில் மற்றக் குதிரைகளின் விரட்டல், கடைசியாகக் கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு நோய்கள். தீவனத்தை மாற்றுவது இத்தனைக்கும் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூட்டை மூட்டையாகத் தீவனம் மாறுகிறது, வாயை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இளைத்திருக்கிறதா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

தினமும் பார்க்கும் கண்ணுக்கு இளைப்பு தெரியாது. நீண்ட ரோமம் இன்னும் ஏமாற்றும். ஆகவே கையால் தடவிப் பாருங்கள். விரல்களை விரித்து விலாவின் மேல் லேசாக அழுத்தி ஓட்டுங்கள். எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு எளிதாகத் தட்டுப்பட்டால் நல்லது. துவைக்கும் பலகையில் கை வைத்ததுபோல் இருந்தால் மெலிவு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடியிருக்கிறது. பிறகு கழுத்து, தோள்மேடு, முதுகுத்தண்டின் இரு பக்கம், வாலின் அடி, தோளின் பின்புறம் ஆகிய இடங்களையும் அப்படியே தடவுங்கள்.

இந்த ஆறு இடங்களையும் வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை 1983-இல் குதிரை ஆய்வாளர் ஹென்னெக்கியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் அளவுமீறிய பருமன். முதிய குதிரைக்கு 5 அல்லது 6 நல்ல நிலை. நோய் வந்து சில நாள் தின்னாமல் கிடந்தால் தாங்குவதற்குக் கொஞ்சம் இருப்பு வேண்டும் என்பதால் நான் 5-க்குக் கீழே இறங்க விடுவதில்லை.

எடைமேடை இல்லாதவர்களுக்குத் துணி அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவையும், தோள்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரையான நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோவில் ஓரளவு சரியான எடை கிடைக்கும். என்னிடம் இருந்த பெண் குதிரைக்குச் சுற்றளவு 175, நீளம் 160. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 412 கிலோ. எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஆள், அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

பல்லுக்கும் எடைக்கும் அப்படி என்ன தொடர்பு?

குதிரையின் பல் நம் பல்லைப் போன்றதல்ல. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் பல், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வந்துகொண்டே இருக்கும். அரைக்க அரைக்க அதே அளவு தேயும். இருப்பு அளவானது. 25, 30 வயதில் சில பற்களுக்குப் புதைந்த பகுதியே தீர்ந்துவிடும். சில விழும், சில வழுவழுப்பாகி அரைக்கும் மேடுபள்ளத்தை இழக்கும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து புல் சிக்கி ஈறு புண்ணாகும். ஒரு கிலோ உலர்புல்லை அரைக்கக் குதிரை 3,000 தடவைக்கு மேல் மெல்ல வேண்டும். 24 கடைவாய்ப் பற்களில் நான்கைந்து வேலை செய்யாவிட்டால் அந்தக் கணக்கு எப்படி நிறைவேறும்?

அடையாளம் தரையில் கிடக்கும். என் குதிரைக்கு 24 வயதானபோது தொட்டியருகே விரல் நீளத்தில், சுருட்டுப் போலத் திரண்ட, ஈரமான பச்சை உருண்டைகளைப் பார்த்தேன். பறவை எதுவோ கொண்டுவந்து போட்டதென்று நினைத்து இரண்டு வாரம் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவை அவள் மென்று, விழுங்க முடியாமல் துப்பிய புல். அதற்குள் அவள் 15 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தாள். நாடா எடுத்து அளந்த அன்றுதான் அது தெரிந்தது.

லத்தியையும் பிரித்துப் பாருங்கள். அதிலுள்ள நார் ஒரு சென்டிமீட்டரைவிட நீளமாகவும், தானியம் முழுசாகவும் இருந்தால் மெல்லுதல் சரியில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மெல்வது, வாய் நாறுவது, ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வழிவது, கன்னத்துக்குள் தீவனத்தை அடக்கிவைத்திருப்பது எல்லாமே பல் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லும் அடையாளங்கள். முன்பற்களின் வேர் கரைந்து வலிக்கும் நோயும் முதிய குதிரைகளுக்கு வரும். அப்படிப்பட்ட குதிரை கேரட்டை முன்பல்லால் கடிக்காமல் உதட்டாலேயே உள்ளே தள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்ப்பது நல்லது. ஆனால் இளம் குதிரைக்குச் செய்வதுபோல் அரம் வைத்துச் சமமாக அராவிவிடக் கூடாது. மிச்சமிருக்கும் பல்லே கொஞ்சம். கூர்முனைகளை மட்டும் தேய்த்தால் போதும். முதிய வாய்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள்.

உலர்புல்லை மெல்ல முடியவில்லை. நிறுத்திவிடலாமா?

நீண்ட தண்டுள்ள உலர்புல்லை நிறுத்தலாம். நாரை நிறுத்தக் கூடாது. குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துத்தான் அதற்கு ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. நார் குறைந்தால் வயிற்றுவலி, இரைப்பைப் புண், சலிப்பில் மரத்தைக் கடிப்பது என்று ஒவ்வொன்றாக வரும்.

ஒரு நாளைக்குத் தேவை, உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உலர்பொருள், அதாவது ஈரத்தைக் கழித்த தீவன எடை. 500 கிலோ குதிரைக்கு அது ஏறத்தாழ 9 முதல் 11 கிலோ உலர்புல். இதை மெல்ல முடியாத குதிரைக்கு, அதே நாரை வேறு வடிவத்தில் தர வேண்டும். இளம்புல்லை முடிந்தவரை மேயவிடுவது முதல் வழி. ஈரமான, மென்மையான புல்லைப் பல கிழங்கள் சமாளித்துவிடும். உலர்புல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கித் தருவது அடுத்தது. ஆனால் நறுக்கியதையும் துப்புகிறது என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அரைத்து அழுத்திய உலர்புல் கட்டிகள் அல்லது பெல்லட்டுகளை ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுங்கள். குதிரைமசால் என்ற தீவனப்பயிரில் (லூசர்ன்) செய்தவையும் கிடைக்கும். குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் அதிகம், இளைத்த குதிரைக்கு ஏற்றது. சிறுநீரகக் கோளாறு இருப்பதற்கு மட்டும் ஏற்றதல்ல. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் சுகர்பீட் சக்கையும் எளிதில் செரிக்கும் நார். வெல்லப்பாகு சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

முதிய குதிரைகளுக்கென்று விற்கும் முழுத்தீவனங்களில் நார் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். உலர்புல்லே இல்லாமல் அதை மட்டும் கொடுக்கலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். அப்போது நாளொன்றுக்கு 7 முதல் 8 கிலோ தேவைப்படும். அளவுக்கரண்டியால் காலையில் ஒன்று மாலையில் ஒன்று போட்டுவிட்டு, "சீனியர் தீவனம் போட்டும் ஏறவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம்தான். விடியற்காலை, போகும் முன், வந்ததும், படுக்கும் முன் என்று நான்கு வேளையாவது ஓட்டிவிடலாம்.

ஊறவைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

உலர்புல் கட்டி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. குறைந்தது அரைமணி முதல் ஒரு மணி நேரம். சுகர்பீட் சக்கை ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கைந்து பங்கு. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் சீக்கிரம் ஊறும். ஊறியதைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். நடுவில் கெட்டியாக ஒரு கொட்டை போல் தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். விரலிடுக்கில் கூழாக வழிந்தால் சரி. வெயில் காலத்தில் காலையில் ஊறியது மாலைக்குள் புளித்துவிடும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிய பழைய கூழே மறுநாள் குதிரை முகம் திருப்புவதற்குக் காரணமாகிவிடும்.

தானியத்தைக் கூட்டினால் சீக்கிரம் எடை ஏறாதா?

ஏறலாம். ஆபத்தும் கூடவே ஏறும். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவு கொண்ட சிறிய பை. ஒரே வேளையில் மாவுச்சத்தைக் கொட்டினால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வழிந்து, அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொன்று அமிலத்தைப் பெருக்கும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அப்படித்தான் வருகின்றன. ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் வேண்டாம். 500 கிலோ குதிரைக்கு அது ஓட்ஸில் ஒரு கிலோ சொச்சம், மக்காச்சோளத்தில் முக்கால் கிலோகூட இல்லை. நாரையும் கொழுப்பையும் கூட்டி எடை ஏற்றுவதையே நான் விரும்புவேன். எந்த மாற்றத்தையும் 7 முதல் 14 நாள் எடுத்துச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

எண்ணெய் கொடுக்கலாமா?

"இளைத்தவனுக்கு எள்ளு" என்ற பழமொழிக்குள் இருக்கும் கணக்கு குதிரைக்கும் பொருந்துகிறது. ஒரு கோப்பை, அதாவது 240 மில்லி தாவர எண்ணெய், அரைக் கிலோவுக்கும் கூடுதலான ஓட்ஸ் தரும் ஆற்றலைத் தருகிறது. மாவுச்சத்து துளியும் இல்லை. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனாலும் பித்தநீர் இடைவிடாமல் சுரப்பதால் கொழுப்பைப் பழகிக்கொள்ளும். நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி மூன்று வாரத்தில் 200, 250 மில்லி வரை கொண்டுபோகலாம். லத்தி இளகி மினுமினுத்தால் வேகம் கூடிவிட்டது, ஒரு படி பின்வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெயில் புரதமும் இல்லை, தாதுவும் இல்லை, வெறும் ஆற்றல். கூடவே வைட்டமின் ஈ தேவை உயரும். 100 மில்லி எண்ணெய்க்கு 100 முதல் 150 சர்வதேச அலகு (IU) வரை சேர்க்கச் சொல்வார்கள். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைக் குதிரைக்கு ஊற்றிக் கழிக்க நினைக்காதீர்கள். அதற்கு நம்மைவிடக் கூர்மையான மூக்கு.

தவிட்டுக் கஞ்சி முதிய குதிரைக்கு நல்லது என்கிறார்களே?

சூடான தவிட்டுக் கஞ்சியைக் கொடுக்கும்போது கொடுப்பவருக்கு வரும் மனநிறைவை நான் குறை சொல்லவில்லை. தவிட்டில் கால்சியத்தைப்போல் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. நாள்தோறும் அதிகமாகக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் சமன்செய்யப் பார்க்கும். முக எலும்பு வீங்கும் நோய் வரை அது போகும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தவிடு கொடுப்பதும் குடலுக்குத் திடீர் மாற்றம்தான். சூடான கஞ்சிதான் கொடுக்க வேண்டுமென்றால் தினமும் தின்னும் பெல்லட்டையே வெந்நீரில் கரைத்துக் கொடுங்கள். கொழுப்புக்காக அரிசித் தவிடு சேர்ப்பவர்கள், கெடாமல் பக்குவப்படுத்திக் கால்சியம் சேர்த்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாட்டுத் தீவனம் மிச்சமிருக்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கு நன்மை செய்யும் அதே அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. மாட்டுக்கு அளந்த கரண்டியையும் வாளியையும்கூடக் குதிரைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

புரதம் கூட்டினால் சிறுநீரகம் கெடுமா?

ஆரோக்கியமான சிறுநீரகத்தை நல்ல புரதம் கெடுப்பதில்லை. முதுகில் வற்றிய தசையைக் கொழுப்பால் நிரப்ப முடியாது. அதற்கு லைசின் போன்ற அமினோ அமிலங்கள் வேண்டும். மொத்தத் தீவனத்தில் 12 முதல் 14 விழுக்காடு புரதம், அதுவும் குதிரைமசால், சோயா போன்ற தரமான மூலத்திலிருந்து வந்தால் நல்லது. முதிய குதிரையால் புரதத்தைச் செரிக்க முடியாது என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். பிற்பாடு ஆரோக்கியமான முதிய குதிரைகளைச் சோதித்தபோது இளம் குதிரைகளோடு பெரிய வேறுபாடு தெரியவில்லை. புழு குடலில் விட்டுச்சென்ற சேதத்தைத்தான் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டார்கள் போலும். சிறுநீரகமோ கல்லீரலோ ஏற்கெனவே பழுதாகியிருந்தால் கணக்கே வேறு. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

ரோமம் உதிராமல் சுருண்டு கிடக்கிறது. வயிறு மட்டும் தொங்குகிறது. என்னவாக இருக்கும்?

குஷிங் நோய் என்று வழக்கில் சொல்லப்படும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. உதிராத நீண்ட ரோமம், வற்றிய முதுகு, மிதமிஞ்சிய தாகமும் சிறுநீரும், காரணமில்லாத வியர்வை, திரும்பத் திரும்ப வரும் குளம்பு அழற்சி இவையெல்லாம் அதன் அடையாளங்கள். ரத்தத்தில் ஏசிடிஎச் ஹார்மோனை அளந்து உறுதிசெய்வார்கள். இலையுதிர் காலத்தில் அந்த ஹார்மோன் எல்லாக் குதிரைக்கும் இயல்பாகவே உயரும். எந்த மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் முடிவைப் படிக்க வேண்டும். பெர்கோலைடு என்ற மருந்தைத் தினமும் கொடுத்தால் பல குதிரைகள் நன்றாகத் தேறிவிடும். தொடக்கத்தில் சிலவற்றுக்கு அது பசியைக் குறைக்கும். அப்போது பயந்து நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசி அளவைச் சரிசெய்யுங்கள்.

தீவனத்தில் சிக்கல் இங்கேதான். குதிரை இளைத்திருக்கும், இன்சுலின் கோளாறும் சேர்ந்திருக்கும். எடை ஏற்ற வேண்டும், ஆனால் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஆகாது. அவை இரண்டும் சேர்ந்து 10 முதல் 12 விழுக்காட்டுக்கு உள்ளே இருக்கும் தீவனம், பாகு சேர்க்காத சுகர்பீட் சக்கை, எண்ணெய் ஆகியவை அப்போது கைகொடுக்கும். உலர்புல்லை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். கூட்டத்திலுள்ள மற்றக் குதிரைகளுக்குப் போடும் இனிப்புத் தீவனத்தை இதற்குக் காட்டவே வேண்டாம்.

நன்றாகத் தின்கிறது, பல்லும் சரி. ஆனாலும் இளைக்கிறது.

லத்தியில் புழு முட்டைகளை எண்ணும் பரிசோதனை செய்யுங்கள். முதுமையில் எதிர்ப்பாற்றல் தளர்வதால் பழைய புழுத் தொல்லை திரும்புவதுண்டு. மருந்தை நீங்களாக வாங்கி ஊட்ட வேண்டாம். மிக மெலிந்த, கொழுப்பே இல்லாத குதிரைக்கு மாக்ஸிடெக்டின் வகை மருந்து விஷமாகிவிடலாம். புழு இல்லையென்றால் ஹார்மோன், கல்லீரல், சிறுநீரகம், கட்டி என்று மருத்துவர் தேடுவார். நாள்பட்ட இருமலும் இரைப்பும் உள்ள குதிரை மூச்சுவிடுவதிலேயே ஆற்றலைச் செலவழிக்கும். அதற்குத் தூசியில்லாத, நனைத்த புல் வேண்டும்.

தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

பசியில்லையா, தின்ன முடியவில்லையா என்று முதலில் பிரித்தறியுங்கள். ஆவலோடு வந்து வாய் வைத்துவிட்டு விலகினால் பெரும்பாலும் வாய்வலி. வரவே இல்லையென்றால் உடம்பில் எங்கோ வலி அல்லது காய்ச்சல். மூட்டுவலிக்கு நெடுநாள் கொடுக்கும் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கிப் பசியை அடக்கும். கழுத்து மூட்டு தேய்ந்த குதிரை தரைமட்டத் தொட்டிக்குக் குனிய முடியாமல் தவிக்கும். தொட்டியை மார்பு உயரத்துக்குத் தூக்கி வைத்த அன்றே முழுக்கத் தின்ற குதிரையை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்தைத் தீவனத்தில் கலந்திருந்தால் அதுவும் காரணமாகலாம். கொள்ளென்றால் வாயைத் திறப்பதும் கடிவாளமென்றால் மூடுவதும் எந்த வயதிலும் மாறாத குணம். அதன் கணக்கில் மருந்தும் கடிவாளம்தான். மருந்தை ஒரு கைப்பிடிக் கூழில் தனியாகக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையும் வேளைத் தீவனத்தைச் சுத்தமாக விட்டுவிடுங்கள்.

மற்றக் குதிரைகள் விரட்டிவிடுகின்றன. என்ன செய்வது?

தனியே கட்டித் தின்னவிடுங்கள். முதியது மெதுவாகத் தின்னும். இளையது பத்து நிமிடத்தில் முடிப்பதை முடிக்க அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் தோழமைக் குதிரை கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். தனிமையில் பதறி நடைபோட்டால் தின்றதெல்லாம் நடையிலேயே போய்விடும்.

தண்ணீர், உப்பு?

நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். சில்லென்ற தண்ணீர் தேய்ந்த பல்லில் கூசும் என்பதால் முதிய குதிரைகள் குளிரில் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடல் அடைப்பு அங்கே தொடங்கும். வெதுவெதுப்பாக வையுங்கள். உப்பு 25 முதல் 30 கிராம் தீவனத்தில் கலக்கலாம்.

குளிர்காலத்தில் கூடுதலாக என்ன கொடுக்க வேண்டும்?

நார். பெருங்குடலில் புல் புளிக்கும்போது வெளிவரும் வெப்பம்தான் குதிரையின் உள்ளடுப்பு. போர்வை போடுவதானால் தினமும் கழற்றிக் கையால் விலாவைத் தடவுங்கள். போர்வைக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க இளைத்து, வசந்தத்தில் கழற்றும்போது எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரை எல்லா ஊரிலும் உண்டு. குளிர் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே எடையை ஏற்றிவைப்பது, நடுக்குளிரில் ஏற்றப் போராடுவதைவிட எளிது.

தின்னும்போது மூக்கு வழியாகத் தீவனம் வழிகிறது!

உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டது. தீவனத்தையும் தண்ணீரையும் உடனே அகற்றுங்கள். தலையைத் தாழ்த்தி நிற்கவிட்டு, அமைதிப்படுத்தி, மருத்துவரை அழையுங்கள். குழாயைத் திணிப்பது, எண்ணெய் ஊற்றுவது எதையும் செய்யாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அவசரமாக விழுங்கும் குதிரைக்கு எப்போதும் நன்கு ஊறிய தீவனம் கொடுங்கள். தொட்டியில் முஷ்டியளவு வழுவழுப்பான கற்களைப் போட்டுவைத்தால் அவற்றைத் தள்ளித் தள்ளி மெதுவாகத் தின்னும்.

பட்டினி கிடந்த முதிய குதிரையை மீட்டு வந்திருக்கிறேன். வயிறாரப் போடலாமா?

கருணையால் கொன்றுவிடக்கூடிய இடம் இது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு தானியத்தைக் கொட்டினால் இன்சுலின் எகிறி, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் தாதுக்களும் சரிந்து, நான்கைந்து நாளில் இதயமோ சுவாசமோ நின்றுவிடலாம். முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ குதிரைமசால் உலர்புல் மட்டும். மெல்ல முடியாததற்கு ஊறவைத்துக் கொடுங்கள். அடுத்த ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டலாம். தானியமும் எண்ணெயும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளிலிருந்தே மருத்துவர் உடனிருக்கட்டும்.

எவ்வளவு நாளில் எடை ஏறும்?

மதிப்பெண்ணில் ஒரு படி ஏற ஏறத்தாழ 20 கிலோ வேண்டும். ஒழுங்காக நடந்தால் இரண்டு மூன்று மாதம். இரண்டு வாரத்தில் எதுவும் தெரியவில்லை என்று தீவனத்தை மாற்றாதீர்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்பதே தெரியாது.

என்னுடையது முதியதுதான், ஆனால் குண்டாக இருக்கிறது.

அப்படியானால் முதியோர் தீவனம் வேண்டாம். உறையில் வயது போட்டிருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். நல்ல உலர்புல்லும் தாதுக் கலவையும் போதும். இன்சுலினைச் சோதித்துவிடுங்கள். பருத்த முதிய குதிரைக்குப் பெரிய பயம் குளம்பு அழற்சி.

எல்லாம் செய்தாகிவிட்டது. எடை நிற்கவில்லை. இனி?

பல், ரத்தம், லத்தி மூன்றையும் மறுபடி பாருங்கள்; முதல் சோதனைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால் அது பழைய கணக்கு. அதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால், எழுந்து நிற்கச் சிரமப்படுகிறதா, படுத்தெழ அஞ்சி நின்றுகொண்டே இருக்கிறதா, தோழமைக் குதிரையைப் பார்த்துக் கனைக்கிறதா என்று கவனியுங்கள். மருத்துவரிடம் எடையோடு சேர்த்து இவற்றையும் சொல்லுங்கள். துன்பமில்லாமல் விடைகொடுத்துவிடலாமா என்ற பேச்சைக் கடும் குளிர் வருவதற்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. இரவில் விழுந்து எழ முடியாமல் கிடக்கும் குதிரையின் அருகில் உட்கார்ந்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

என் நோட்டில் அந்தப் பெண் குதிரையின் கடைசி மூன்று சுற்றளவுகள் 168, 166, 163. கூழின் அளவு மாறவில்லை, அவள் தின்பதும் குறையவில்லை. வாளியைக் கடைசி வரை நக்கித் துடைத்தாள். நான்காவது அளவு எடுக்க வேண்டிய நாளில் நாடாவை எடுக்காமல் மருத்துவரை அழைத்தேன்.